விலை கூடியதெல்லாம் பலம் கூடியதா?

பெற்றோலைப் பற்றிப் பெண்களுக்கு என்ன கதை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்களில் சிலர் இப்போது நீங்களே வாகனம் ஓட்டுகிறீர்கள். மற்றவர்களின் வீட்டில் கணவரோ மகனோ ஓட்டுவார். யார் ஓட்டினாலும் அந்த வாகனம் குடிக்கும் எண்ணெய்க்கான காசு, அரிசிக்கும் பால்மாவுக்கும் பிள்ளைகளின் ரியூஷனுக்கும் ஒதுக்கிய அதே காசிலிருந்துதானே போகிறது? அதனால்தான் என் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்ததும், இன்று பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதும் மாவனல்லையில்தான். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் பாதை கடுகண்ணாவை மலையில் ஏறத் தொடங்கிவிடும். எங்கள் வாப்பா அந்தப் பாதையோரத்தில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. ஒஸ்டின், மொரிஸ் மைனர் என்று அந்தக் காலத்துக் கார்கள் மலை ஏறமுடியாமல் திரும்பி வந்து எங்கள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்.

வாப்பா காதாலேயே நோய் பார்ப்பார். சோற்றுக் கோப்பையின் முன் இருக்கும்போதும் பாதையில் போகும் வாகனத்தின் சத்தத்தைக் கேட்டு, "அந்தக் காருக்கு நொக் அடிக்குது, மலையில நிண்டு போகும்" என்பார். வெறும் பேணிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் அது. எங்களுக்கும் அந்தக் காது வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வழியில் நானும் தாத்தாவும் எந்தக் காருக்கு நொக் அடிக்கிறது என்று பந்தயம் பிடிப்போம்.

வாப்பா மர்ஹூமாகிப் பல வருடங்கள். கராஜ் இருந்த இடத்தில் இப்போது கடைகள். ஆனால் பாஸுடைய பேரன் ஒருவன், என் மூத்த மகன், வாகனத்தாலேயே பிழைக்கும்படி ஆகிவிட்டது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் அவன் வேலை செய்த கடை மூடப்பட்டது. கையில் மிஞ்சியது லீசிங்கில் எடுத்த சின்ன ஜப்பான் கார் ஒன்று. மனைவியும் கைக்குழந்தையும் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? அடுத்த வருடத்திலிருந்து ஹயர் ஓடத் தொடங்கினான். விமான நிலையத்துக்கு, கண்டி ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீடுகளுக்கு என்று அழைத்த இடத்துக்கெல்லாம் ஓடினான். மாதம் பிறந்தால் முதலில் லீசிங் தவணை. பிறகு பெற்றோல். அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் வீடு.

அப்படி ஓடுகிறவனுக்கு ஒரு லீற்றரில் ஒரு கிலோமீற்றர் கூட ஓடினாலும் அது பெரிய காரியம். அந்த ஆசையில்தான் மகன் பிடிபட்டான்.

முதலில் 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95 அடிக்கத் தொடங்கினான். "95 நல்ல பெற்றோல் உம்மா, கார் லேசா ஏறும்" என்றான். நானும் சரி என்றிருந்தேன். பிறகு ஒரு நாள் உதிரிப்பாகக் கடையொன்றிலிருந்து சிவப்பு மூடி போட்ட ஒரு போத்தலைக் கொண்டுவந்தான். டாங்கி நிரப்பும்போதெல்லாம் ஒரு போத்தல் ஊற்றவேண்டுமாம்.

"என்னத்துக்கு மகன் இது?"

"ஒக்டேன் கூட்டுற மருந்து உம்மா. இத ஊத்தினா லீற்றருக்கு ரெண்டு கிலோமீற்றர் கூட ஓடுமாம். கடைக்காரர் சென்னார்."

மருந்து என்ற சொல்லைக் கேட்டால் நாம் மடங்கிவிடுகிறோம். பிள்ளை உயரமாக வளரும் என்று யாரோ சொன்னதற்காக, இரண்டு மடங்கு விலையில் மாவுப் பேணி வாங்கிக் கரைத்துக் கொடுத்த உம்மாதானே நான்! மகனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் தலையைக் குனிய வேண்டியதுதான். விலை கூடியது என்றால் பலம் கூடியது. வீட்டில் நான் சொல்லிக் கொடுத்த கணக்கு அது.

மூன்று மாதம் போனது. மகனின் முகம் தெளியவில்லை. ஒரு இரவு அவன் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 95 பெற்றோலுக்கும் 92 பெற்றோலுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். 2022 ஜூன் 26 ஆம் திகதி விலை உயர்ந்தபோது 92 ஒரு லீற்றர் 470 ரூபா, 95 ஒரு லீற்றர் 550 ரூபா. வித்தியாசம் 80 ரூபா. அதன் பிறகு விலைகள் எத்தனையோ தடவை ஏறி இறங்கின. ஆனால் 95 கூடிய விலைதான். மாதம் 150 லீற்றர் அடிக்கிற ஒருவருக்கு, 80 ரூபா வித்தியாசத்தில் மட்டும் 12,000 ரூபா! அதற்கு மேல் போத்தல்களின் காசு வேறு. லீற்றருக்கு ஓடிய கிலோமீற்றரோ முன்பு இருந்த இடத்திலேயே நின்றது.

இதற்குள் காரில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கியது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலமும் வந்தது. புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் கார் தேறவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஹயர் ஓட முடியுமா?

மகன் அழவில்லை. ஆனால் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தான். காலையில் அவனுடைய அறிமுகக்காரர் ஒருவர் சொன்ன அடுத்த வைத்தியத்துடன் எழும்பினான். அந்த மனிதர் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றுக்குக் கார் தயார் செய்கிறவர்களுடன் பழக்கமுள்ளவர். ஓட்டப் போட்டிக் கார்களுக்கு ஊற்றும் பெற்றோலில் ஐந்து லீற்றர் தருகிறேன், அதை ஒரு தடவை கலந்து ஓடினால் உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் எரிந்து போய்விடும் என்றாராம். மாலையில் ஒரு தகரக் கேன் எங்கள் படிக்கட்டின் கீழ் வந்து உட்கார்ந்தது.

அதன் வாசனைதான் எனக்கு முதலில் பட்டது. சாதாரணப் பெற்றோலின் வாசனை இல்லை, ஒருவகை இனிப்பு வாசனை. பேரன் தவழ்ந்து தவழ்ந்து அந்தப் பக்கம்தான் போகிறான். பத்தடி தூரத்தில் என் காஸ் அடுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது! கேனைத் தூக்கி வெளியே வாழை மரத்தடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததை மெல்ல மெல்ல வாசித்தேன். ஓட்டப் போட்டிக்கு மாத்திரம், பொதுப் பாதையில் ஓடும் வாகனங்களுக்குப் பாவிக்க வேண்டாம், ஈயம் கலந்தது.

ஈயம்! அந்த ஒரு சொல்லில் நான் வாப்பாவின் கராஜுக்குப் போய்விட்டேன்.

சகோதரிகளே, இங்கே கொஞ்சம் நின்று எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் அந்தக் கலவையை அமுக்குகிறது. நன்றாக அமுங்கியதும் ப்ளக் ஒரு பொறியைக் கொடுக்கிறது. அந்தப் பொறியிலிருந்து நெருப்பு சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளவேண்டும். ஆனால் எதை அமுக்கினாலும் சூடேறும் அல்லவா? நெருப்பு வந்து சேர்வதற்கு முன்னரே, மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே ஒரே அடியில் பற்றிக்கொண்டால் அதுதான் நொக். சுத்தியலால் அடிப்பது போல அது பிஸ்டனில் அடிக்கும். நெடுகலும் அடித்தால் எஞ்சின் கெட்டுவிடும்.

அப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் தன்மையை அளப்பதுதான் ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேன் என்ற திரவம் நன்றாகப் பொறுக்கும், அதற்கு 100 என்று எண் வைத்தார்கள். ஹெப்டேன் என்ற திரவம் கொஞ்சமும் பொறுக்காது, அதற்கு 0. 92 ஒக்டேன் என்றால், 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு பொறுக்குமோ அவ்வளவு பொறுக்கும் பெற்றோல் என்று பொருள். இவ்வளவுதான்! அது பலத்தின் எண் அல்ல, பொறுமையின் எண்.

ஒரு சாட்சியும் சொல்கிறேன். எதனோல் என்ற மதுசாரத்தின் ஒக்டேன் எண் 100க்கும் மேலே. ஆனால் ஒரு லீற்றர் பெற்றோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லீற்றர் எதனோலில் இருக்கிறது. ஒக்டேன் கூடினால் சக்தி கூடும் என்றால் இது எப்படி நடக்கும்?

ஓட்டப் போட்டிக் காருக்கு அந்தக் கூடிய பொறுமை தேவை. அதன் எஞ்சின் கலவையை மிக இறுக்கமாக அமுக்கும்படி செய்யப்பட்டது. சில கார்களில் டர்போவினால் காற்றை அடைத்துத் திணிப்பார்கள். அங்கே 92 ஊற்றினால் எஞ்சின் உடைந்துவிடும். எங்கள் சின்னக் கார் அப்படி அமுக்குவதில்லை. பொறுமை தேவைப்படாத இடத்தில் பொறுமையைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றினால், அது சும்மா எரிந்துபோகும். ஐந்து பேருக்கு அரைக் கொத்து அரிசி போதும் என்றால், ஒரு கொத்துப் போட்டு ஆக்குவதால் ஐந்து பேரும் பத்துப் பேராகிவிடுவார்களா?

சரி, ஈயம் எங்கே வந்தது? 1921 ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் ஆராய்ச்சிசாலையில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், பெற்றோலில் மிகச் சொற்ப அளவு ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் நொக் நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தார். 1923 இல் அது சந்தைக்கு வந்தது. வைத்த பெயர் என்ன தெரியுமா? 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லே அதில் இல்லை! 1924 இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மிட்ஜ்லிக்கே முன்பு ஈயம் ஏறி ஓய்வெடுக்க நேர்ந்தது. இருந்தும் அவர் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார்.

அதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒரு பெண்மணி இருந்தார் என்பதை நீங்கள் அறியவேண்டும். அவர் அலிஸ் ஹமில்டன் என்ற மருத்துவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஆசிரியையாக நியமித்த முதல் பெண் அவர்தான். தொழிற்சாலைகளில் ஈயத்தால் நோயுற்றவர்களை வீடு வீடாகத் தேடிப் பார்த்து அறிந்தவர். 1925 இல் வாஷிங்டனில் இதற்கென்றே கூடிய மாநாட்டில் ஈயப் பெற்றோல் ஆபத்தானது என்று அவர் எச்சரித்தார். கேட்டார்களா? இல்லை. உலகம் முழுவதும் பல பத்து வருடங்களுக்கு அந்தப் பெற்றோல்தான் ஓடியது. புகையோடு வெளியே வந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் படிந்தது. அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் படிப்புத் திறனையும் கெடுக்கும் என்பது பிறகு உறுதியானது. நம் நாடு ஈயப் பெற்றோலை நிறுத்தியது 2002 இல். உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, அது 2021 இல். பாதையில் ஓடும் வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் உலகில் முடிந்துவிட்டது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு அந்த வருடம் ஆகஸ்ட் 30 இல் அறிவித்தது. ஆனால் ஓட்டப் போட்டிக்கென்று தயாரிக்கும் சில எரிபொருள்களிலும், சிறிய பிஸ்டன் விமானங்களின் பெற்றோலிலும் அது இன்னும் இருக்கிறது.

இப்போது என் வாப்பாவைப் பாருங்கள். டாங்கியிலிருந்து பெற்றோல் எடுக்க ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார். வாய்க்குள் வந்ததைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். கிறீஸ் பிடித்த கையைப் பெற்றோலில்தான் கழுவுவார். பிறகு அந்தக் கையால் எங்களுக்கு வாழைப்பழம் உரித்துத் தருவார். உம்மா அவருடைய காக்கி உடுப்பையும் எங்கள் வெள்ளை யூனிபோமையும் ஒரே பேசினில் ஊறப் போடுவார். நாங்கள் விளையாடிய மண் கராஜ் மண். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அலிஸ் ஹமில்டன் 1925 இலேயே சொல்லியும், அந்தச் சொல் எங்கள் பாதையோரத்துக்கு வந்து சேரவில்லை. வாப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த பிறகு, என் பேரன் தவழும் வீட்டில் அந்தக் கேன் ஒரு இரவு கூட இருக்கலாமா?

மகன் வந்ததும் சொன்னேன். "மகன், ஒங்கட மூத்தாப்பாக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். இத ஒடனே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கோ."

அவன் கேனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் வாப்பாவிடம் வேலை பழகிய ஒரு பாஸைத் தேடிப் போனோம். அவருக்கும் இப்போது தாடி வெளுத்துவிட்டது. நான் பர்தாவைச் சரிசெய்துகொண்டு கராஜ் வாசலில் ஒரு கதிரையில் இருந்தேன். அவர் மூன்று ப்ளக்குகளையும் கழற்றி என் முன்னால் ஒரு துணியில் வைத்தார். அவற்றின் நுனியெல்லாம் செங்கல் நிறம்!

"தாத்தா, இது போத்தல் மருந்துட நெறம்" என்றார். ஒக்டேன் கூட்டுவதாக விற்கும் சில போத்தல்களில் மங்கனீசு அல்லது இரும்புச் சேர்மங்கள் இருக்கின்றன. பெற்றோல் எரிந்து போய்விடும், உலோகம் எரிந்து போகாது. அது ப்ளக்கில் படியும். ப்ளக் சரியாகப் பொறி கொடுக்காவிட்டால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போகும். அங்கே நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேட்டர் என்ற பாகம் இருக்கிறது. எரியாத பெற்றோல் அதற்குள் போய் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கும். உலோகப் படிவும் அதை அடைக்கும். ஈயப் பெற்றோல் ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். ஈயம் அந்தப் பாகத்தையும், புகையில் ஒட்சிசன் பார்க்கும் சென்சரையும் அடியோடு கெடுத்துவிடும். வாகன இறக்குமதி 2020 முதல் 2025 வரை நிறுத்தப்பட்டிருந்த நாட்டில், ஓடுகிற காரின் ஒரு பாகம் போனால் அதன் விலை என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்குக் கொன்வேட்டர் முழுதாகப் போகவில்லை. புதிய ப்ளக்குகள் போட்டு, சென்சரையும் மாற்றினார். செலவு கிட்டத்தட்ட ஒரு மாத லீசிங் தவணை. என் கைக்கு வந்திருந்த சீட்டுக் காசு அதற்குப் போனது. இரண்டாம் தடவை கார் பரிசோதனையில் தேறியது.

பாஸ் இன்னொன்றும் செய்தார். டாங்கி மூடியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். ஜப்பான் எழுத்து. மகன் போனைப் பிடித்து மொழிபெயர்த்தான். 'ஈயமில்லாத ரெகுலர் பெற்றோல்' என்று வந்தது. ஜப்பானில் ரெகுலர் என்று விற்பது ஏறக்குறைய 90 ஒக்டேன்தான்! அதைவிடக் கூடியதை அங்கே 'ஹை ஒக்கு' என்று வேறாக விற்கிறார்கள், அது வேண்டிய கார்களில் அப்படியே எழுதியிருக்கும். ஆக, எங்கள் கார் கேட்டது 90. நம் செட்டில் கிடைக்கும் 92 ஏற்கெனவே அதற்கு மேலே. அதற்கும் மேல் 95, அதற்கும் மேல் போத்தல், அதற்கும் மேல் போட்டிப் பெற்றோல்! மகன் டாங்கி மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். இத்தனை நாளும் பதில் அவன் கையிலேயே இருந்திருக்கிறது.

இதில் நாம் மட்டும் ஏமாறவில்லை. அமெரிக்காவில் ட்ரிபிள் ஏ என்ற வாகன ஓட்டுநர் சங்கம் 2016 இல் ஆராய்ந்து பார்த்தது. சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்த கார்களில் உயர்ந்த பெற்றோலை ஊற்றி, முந்திய ஒரு வருடத்துக்குள் அமெரிக்கர்கள் 210 கோடி டொலருக்கு மேல் வீணாக்கியிருந்தார்கள். பரிசோதனையில் பலமும் கூடவில்லை, செலவும் குறையவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். 95 கேட்கும் கார்களும் இருக்கின்றன. பல ஐரோப்பியக் கார்கள், டர்போ உள்ள பல கார்கள் அப்படி. கைநூலிலோ டாங்கி மூடியிலோ 95 என்று இருந்தால் 95 தான் அடிக்கவேண்டும். அங்கே காசு மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். போத்தல்களும் எல்லாம் ஒன்றல்ல. இன்ஜெக்டரில் படியும் அழுக்கைக் கழுவுவதற்கென்று நல்ல மருந்துகள் உண்டு. பழைய காரொன்றுக்கு, பார்த்துச் சொல்லத் தெரிந்த பாஸ் சொன்னால், எப்போதாவது ஒரு தடவை ஊற்றலாம். டாங்கிக்கு டாங்கி ஊற்றுவதற்கு அது பால்மா அல்ல. ஒக்டேன் போத்தல் வாங்குகிறவர்கள் 'புள்ளி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பல போத்தல்களில் பத்துப் புள்ளி என்றால் ஒக்டேன் ஒரு எண் கூடும் என்பதுதான் பொருள். இருபது புள்ளி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், 92 அதிகபட்சம் 94 ஆகும். நம் செட்டில் 95 அதற்கு முன்னரே நிற்கிறது!

நொக் சத்தம் கேட்டால்? போத்தலைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கலாம். அளவுக்கு மீறிச் சூடேறலாம். பிழையான ப்ளக் போட்டிருக்கலாம். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய்க்குப் பொறுமை மிகக் குறைவு. வாப்பா வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டுப் பெற்றோல் விடுவார். நல்ல பெற்றோல் சற்று நேரத்தில் தடமில்லாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கடதாசியில் எண்ணெய்க் கறை நிற்கும். நெருப்பு இல்லாத இடத்தில், வெளியே வைத்துச் செய்யவேண்டும். அலுமாரியில் உடுப்புகளுக்கிடையே வைக்கும் நப்தலீன் உருண்டைகளை டாங்கிக்குள் போட்டால் பலம் வரும் என்று நம்பி வந்த ஒருவரையும் எனக்கு நினைவிருக்கிறது. பெற்றோல் ஆவியானதும் நப்தலீன் வெள்ளைப் பளிங்காகக் காபரேட்டரில் அடைத்திருந்தது. வாப்பா கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார். "கார் என்ன, மணவறைச் சாரியா?" என்று உம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

போன மாதம் கண்டியில் ஒரு கல்யாணத்துக்கு மகன் எங்களைக் கூட்டிப் போனான். டாங்கியில் 92. மலை ஏறத் தொடங்கியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். பழைய பழக்கம். பேணிக்குள் கூழாங்கல் சத்தம் எதுவும் வரவில்லை. பேரன் என் மடியில் தூங்கினான். கார் தன் பாட்டில் ஏறியது. பாறையைக் குடைந்த அந்த வாசலைக் கடக்கும்போது மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"என்ன உம்மா, நொக் அடிக்குதா?"

"இல்ல மகன். ஒங்கட மூத்தாப்பா இருந்தா ஒண்டும் சொல்லமாட்டார்" என்றேன்.

சகோதரிகளே, இன்று உங்கள் வீட்டு வாகனம் வாசலுக்கு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். டாங்கி மூடியைத் திறக்கச் சொல்லி, உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். அது கேட்பதைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடுக்க நினைத்த காசை, வீட்டில் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றுக்குக் கொடுங்கள். என் சீட்டுக் காசு திரும்பி வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வந்ததும் பேரனுக்கு ஒரு தொட்டில் வாங்குவோம் என்றிருந்தேன். அதற்குள் அவன் நடந்துவிடுவான் போலிருக்கிறது!